மேலே போனது கீழே வரும்: ஒரு விண்பயணத்தை வகுப்பில் விளக்குவது எப்படி?

2021 ஜூலை 11 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பாலைவனத்திலிருந்து ‘யூனிட்டி’ என்னும் ராக்கெட் விமானம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 86 கிலோமீட்டர் உயரம் வரை சென்று, பத்திரமாகத் தரையிறங்கியது. வர்ஜின் கேலக்டிக் என்னும் தனியார் விண்வெளிச் சுற்றுலா நிறுவனத்தின் சோதனைப் பயணம் அது. பயணம் செய்தவர்களில் ஒருவர் ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வளர்ந்த சிரிஷா பண்ட்லா. ஆகவே நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் அது முதல் பக்கச் செய்தியாயிற்று.

கொரோனாவால் அப்போது பள்ளிகள் மூடியிருந்தன. கேள்விகள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தன. “டீச்சர், அவங்க நிஜமாவே விண்வெளிக்குப் போனாங்களா?” என்று ஒரு மாணவர் குரல் பதிவு அனுப்பினார். “அங்க ஈர்ப்பு விசை இல்லாததாலதானே மிதந்தாங்க?” என்றார் இன்னொருவர். “ஏன் உடனே திரும்பி வந்துட்டாங்க?” என்பது மூன்றாவது கேள்வி. ஈர்ப்பு விசை, இயக்கம், ஆற்றல், வளிமண்டலம் ஆகிய நான்கு பாடங்களும் இந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கின்றன. பள்ளி திறந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்தே அவற்றை நடத்தி வருகிறேன். எந்த விளக்கங்கள் மாணவர்களுக்கு எளிதாகப் பிடிபட்டன என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அன்று நடந்தது என்ன?

யூனிட்டி தரையிலிருந்து தானாகக் கிளம்பவில்லை. இரட்டை உடல் கொண்ட ‘ஈவ்’ என்னும் தாய் விமானம் அதை வயிற்றில் தொங்கவிட்டபடி ஓடுபாதையிலிருந்து எழும்பி, முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 14 கி.மீ. உயரத்துக்கு ஏறியது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட இது சற்று அதிகம். அங்கே யூனிட்டி விடுவிக்கப்பட்டது. சில நொடிகளில் அதன் ராக்கெட் எஞ்சின் எரியத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் எரிந்து அணைந்தது. அதற்குள் வேகம் ஒலியின் வேகத்தைப்போல் மூன்று மடங்கு ஆகிவிட்டது. எஞ்சின் அணைந்த பிறகும் விமானம் அந்த வேகத்திலேயே மேலே சென்று, 86 கி.மீ. உயரத்தைத் தொட்டு, திரும்ப விழுந்தது. காற்று அடர்த்தியாக இருக்கும் உயரத்துக்கு வந்ததும், எஞ்சின் இல்லாத மிதவை விமானமாக மாறி, கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்கியது. தாய் விமானம் கிளம்பியதிலிருந்து கணக்கிட்டால் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

விமானிகள் இருவர். உள்ளே நால்வர்: நிறுவனத்தின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சன், விண்பயணிகளுக்குப் பயிற்சி தரும் பெத் மோசஸ், பொறியாளர் காலின் பென்னட், சிரிஷா பண்ட்லா. யூனிட்டியில் இருக்கைகள் நிறையும் அளவுக்கு ஆட்கள் ஏறிச் சென்றது அதுவே முதல் முறை. பயணிகளை ஏற்றத் தகுந்ததா என்று பார்ப்பதே அந்தச் சோதனையின் நோக்கம்.

இப்படி மேலே போய், பூமியைச் சுற்றாமல் கீழே வந்துவிடும் பயணத்தை ‘சப்-ஆர்பிட்டல்’ பயணம் என்கிறார்கள். சுற்றுப்பாதையை எட்டாத பயணம் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். கையால் மேலே எறிந்த கல்லின் பயணமும் இதே வகைதான்.

விண்வெளி எங்கே தொடங்குகிறது?

முதல் கேள்விக்கு வருவோம். நிஜமாகவே விண்வெளிக்குப் போனார்களா? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அந்த இரண்டையும் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

வளிமண்டலம் கூரைபோல ஓர் இடத்தில் முடிந்துவிடுவதில்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். எனவே ‘இதற்கு மேல் விண்வெளி’ என்ற கோட்டை இயற்கை போடவில்லை, மனிதர்கள்தான் போட்டுக்கொண்டார்கள். உலக வானூர்திக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எல்லை 100 கி.மீ. விமானவியல் அறிஞர் தியோடர் வான் கார்மன் பெயரால் இது ‘கார்மன் கோடு’ எனப்படுகிறது. அமெரிக்க விமானப் படையும் நாசாவும் 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கி.மீ., என்ற எல்லையை வைத்திருக்கின்றன. 86 கி.மீ. போன யூனிட்டி ஒரு கோட்டைத் தாண்டியது, மற்றதைத் தாண்டவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 20 அன்று, ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனத்து நியூ ஷெப்பர்டு ராக்கெட் நான்கு பேருடன் ஏறத்தாழ 107 கி.மீ. சென்று இரண்டு கோடுகளையும் தாண்டியது.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்த உயரங்களைச் சாலைத் தூரமாகச் சொன்னால் உடனே புரியும். விழுப்புரம் ஏறத்தாழ 40 கி.மீ. மாமல்லபுரம் ஏறத்தாழ 95 கி.மீ. திருவண்ணாமலை நூற்றுக்குச் சற்று மேல். அதாவது சாலையை நிமிர்த்தி வானத்தை நோக்கி வைத்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் யூனிட்டியின் உச்சி வந்துவிடும். “இவ்வளவு பக்கத்திலயா விண்வெளி இருக்கு!” என்ற வியப்பு வகுப்பில் தவறாமல் எழும்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு செயல்பாடு. வராந்தாச் சுவரில் நீளமான காகிதம் ஒட்டி, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் சிகரம் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பயணிகள் விமானம் 10 முதல் 12 செ.மீ. தாய் விமானம் யூனிட்டியை விட்ட இடம் 14 செ.மீ. யூனிட்டியின் உச்சி 86 செ.மீ. கார்மன் கோடு ஒரு மீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது சுவர் தாண்டிக் கூரைக்கு மேல். நிலா எங்கே என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இந்த அளவில் அது பள்ளியிலிருந்து ஏறத்தாழ 3.8 கி.மீ. தள்ளி இருக்கும். அது எந்தத் தெரு, எந்தப் பேருந்து நிறுத்தம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மிதந்தது ஏன்?

மாணவர்களிடம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் எண்ணம் ‘விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை’ என்பதுதான். இந்தப் பயணம் அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்க நல்ல வாய்ப்பு.

பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,371 கி.மீ. 86 கி.மீ. உயரத்தில் நின்றால் பூமியின் மையத்திலிருந்து 6,457 கி.மீ. தொலைவில் இருப்போம். ஈர்ப்பு விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 6,371-ஐ 6,457-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.97 வரும். அங்கேயும் தரையில் உள்ள ஈர்ப்பு விசையில் 97 விழுக்காடு இருக்கிறது என்று பொருள். 400 கி.மீ. உயரத்தில், விண்வெளி நிலையத்தில்கூட, ஏறத்தாழ 88 விழுக்காடு உண்டு. பிறகு எப்படி மிதக்கிறார்கள்?

விடை ஒரு பழைய தண்ணீர்ப் பாட்டிலில் இருக்கிறது. பாட்டிலின் அடிப்பக்கத்துக்கு அருகில் ஆணியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். துளை வழியே தண்ணீர் பீய்ச்சும். இப்போது பாட்டிலை உயரத்திலிருந்து விடுங்கள். விழும்போது தண்ணீர் வெளியே வராது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுகின்றன. ஆகவே தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை. அதுதான் எடையின்மை. ஈர்ப்பு விசை முழுவதும் இருக்கிறது, தாங்கிப் பிடிப்பது மட்டும் இல்லை.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வருவதுதான் முக்கியமான பகுதி. அதே பாட்டிலை மேல்நோக்கி எறியுங்கள். தண்ணீர் எப்போது நிற்கும் என்று எறிவதற்கு முன் மாணவர்களைக் கணிக்கச் சொல்லுங்கள். “உச்சிக்குப் போனதும்” என்பார்கள் பலர். “கீழே இறங்கும்போது” என்பார்கள் சிலர். எறிந்து காட்டுங்கள். கையை விட்ட கணத்திலேயே, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் நின்றுவிடும். கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்துக் காட்டினால் சந்தேகமே வராது.

யூனிட்டிக்கு நடந்ததும் இதேதான். ராக்கெட் எரிந்த ஒரு நிமிடமும் அது எறியும் கை. எஞ்சின் அணைந்தது கையை விட்ட கணம். அப்போதே எடையின்மை தொடங்கிவிட்டது. அவர்கள் அப்போது இன்னும் உச்சியை எட்டவில்லை. மேலே போய்க்கொண்டே மிதந்தார்கள், கீழே வந்துகொண்டே மிதந்தார்கள். திரும்பி வரும்போது காற்று விமானத்தைத் தடுக்கத் தொடங்கியதும் எடை திரும்பிவிட்டது.

ஒரு சிறு கணக்கு

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே இந்தப் பயணத்தைச் சரிபார்க்கலாம். எஞ்சின் அணையும்போது வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேராக மேலே செல்வதாகவும், காற்றின் தடை இல்லை என்றும் எளிமைப்படுத்திக்கொள்வோம்.

இனி எவ்வளவு உயரம் ஏறும்? வேகத்தின் வர்க்கத்தை 2 × 9.8-ஆல் வகுக்க வேண்டும். 8,10,000-ஐ 19.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41,000 மீட்டர், அதாவது 41 கி.மீ. எஞ்சின் அணைந்த பிறகு, எந்த உந்துதலும் இல்லாமல், இன்னும் 41 கி.மீ.!

உச்சியை அடைய எவ்வளவு நேரம்? 900-ஐ 9.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 92 நொடி. அதே உயரத்துக்குத் திரும்பி விழ இன்னொரு 92 நொடி. ஆக மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ‘சில நிமிட எடையின்மை’ என்று செய்திகளில் வந்தது இதுதான். செய்தித்தாளில் படித்த ஓர் எண்ணைத் தங்கள் நோட்டில் தாங்களே வரவழைக்கும்போது மாணவர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நீங்களும் பார்க்கலாம். சமன்பாடு தேர்வுக்கு மட்டுமல்ல என்று அப்போது நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

ஏன் உடனே திரும்பினார்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை உயரத்தில் இல்லை, பக்கவாட்டு வேகத்தில் இருக்கிறது. விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கும். பூமி உருண்டை. அதன் பரப்பு ஏறத்தாழ 8 கி.மீ. தூரத்துக்கு 5 மீட்டர் வளைந்து கீழே போகிறது. ஆகவே பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் செல்லும் பொருள் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையும் அதே அளவு விலகிக்கொண்டே இருக்கும். முடிவில்லாமல் விழுவதுதான் சுற்றுப்பாதை.

அந்த வேகத்தில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மூன்று நொடியில் போய்விடலாம். யூனிட்டியின் வேகத்தில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 25 நொடி ஆகும். வேகம் எட்டு, ஒன்பது மடங்குதான் வேறுபடுகிறது என்று மாணவர்கள் நினைப்பார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவூட்டுங்கள். கணக்கிட்டால், ஒரே நிறைக்கு ஏறத்தாழ 75 மடங்கு ஆற்றல் வேண்டும். விண்வெளியைத் தொடுவதற்கும் அங்கே தங்குவதற்கும் உள்ள இடைவெளி இவ்வளவு பெரியது. ராகேஷ் சர்மா 1984-இல் சோவியத் விண்கலத்தில் சென்றதும், சுபான்ஷு சுக்லா 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றதும் சுற்றுப்பாதைப் பயணங்கள். சிரிஷா சென்றது வேறு வகை. இதில் உயர்வு தாழ்வு பேசத் தேவையில்லை, வேறுபாடு தெரிந்தால் போதும்.

இறகுப்பந்தும் ஒரு விபத்தும்

திரும்பி வரும்போது விமானம் எப்படி விழ வேண்டும்? காற்று அடர்த்தியாகும் இடத்தில் தவறான கோணத்தில் நுழைந்தால் விமானம் சிதைந்துவிடும். இதற்கு வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் கண்ட வழி எளிமையானது. விமானத்தின் வால் பகுதியை மேல்நோக்கி மடக்கிவிடுவது. அப்போது முழு விமானமும் ஓர் இறகுப்பந்துபோல ஆகிவிடும். விளையாட்டு அறையிலிருந்து ஓர் இறகுப்பந்தைக் கொண்டுவந்து, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தக்கை கீழே, இறகு மேலே என்று தானே திரும்பிக்கொள்வதைக் காட்டுங்கள். விமானி எதுவும் செய்யாமலே விமானம் சரியான நிலையில், காற்றின் தடையால் வேகம் குறைந்து, இறங்கும். 2004-இல் மூன்று முறை 100 கி.மீ. தாண்டிய ஸ்பேஸ்ஷிப்ஒன் என்னும் முதல் தனியார் விண்கலத்திலேயே இந்த முறை வெற்றி பெற்றது.

அதே வால்தான் ஓர் உயிரையும் பறித்தது. 2014 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேல், யூனிட்டிக்கு முந்தைய விமானமான ‘என்டர்பிரைஸ்’ சோதனைப் பயணத்தில் வானிலேயே சிதறியது. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். விமானி பீட்டர் சீபோல்டு பலத்த காயங்களுடன் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

நடந்தது இது. வாலை மடக்குவதற்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் பூட்டைத் திறக்க வேண்டும், பிறகு மடக்க வேண்டும். ஒலியின் வேகத்தைப்போல் 1.4 மடங்கை எட்டிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஆல்ஸ்பரி ஒலியின் வேகத்தை எட்டுவதற்கு முன்பே பூட்டைத் திறந்துவிட்டார். மடக்கும் கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனால் அந்த வேகக் கட்டத்தில் காற்றின் விசை வாலை மேலே தள்ளும் திசையில் இருந்தது. பூட்டில்லாத வால் தானே மடங்கியது, விமானம் சிதைந்தது.

‘விமானியின் தவறு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படி முடிக்கவில்லை. அனுபவமுள்ள ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டது. குறிப்பிட்ட வேகத்துக்குள் பூட்டைத் திறக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டும் என்ற நேர நெருக்கடி, ராக்கெட் எரியும்போது எழும் அதிர்வு, உடலை அழுத்தும் முடுக்கம் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தது. 2015-இல் அது சொன்ன முடிவு: ஒரே ஒரு மனிதத் தவறு பேரழிவாக முடியக்கூடும் என்பதை வடிவமைத்து உருவாக்கிய நிறுவனம் எண்ணிப் பார்த்து, அதற்குத் தடுப்பு அமைக்கத் தவறிவிட்டது. யூனிட்டியில், உரிய நேரத்துக்கு முன் பூட்டைத் திறக்க முடியாதபடி ஒரு தடுப்பு பொருத்தப்பட்டது.

இந்தப் பகுதியை மேல்நிலை மாணவர்களிடம் நான் விட்டுவிடாமல் சொல்கிறேன். சோதனைப் பயணம் என்றால் என்ன என்பதை வெற்றிச் செய்தி மட்டும் சொல்லாது. தவறு யாருடையது என்று கேட்பதோடு, அந்தத் தவறு நடக்க எது இடம் கொடுத்தது என்று கேட்கும் பழக்கம் ஆய்வகத்துக்கும் வேண்டும், வகுப்பறைக்கும் வேண்டும். ஒரே கணக்கில் வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுந்தால், அந்தப் பாதிப் பேரை மட்டும் பார்த்தால் போதாது அல்லவா?

யூனிட்டியின் 2021 பயணமும் முற்றிலும் பழுதற்றதாக இல்லை. திரும்பும்போது அது தனக்கு ஒதுக்கிய வான் எல்லையைவிட்டு 1 நிமிடம் 41 நொடி விலகியிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயணங்களை நிறுத்திவைத்து விசாரித்து, அந்தச் செப்டம்பர் இறுதியில்தான் மீண்டும் அனுமதி தந்தது.

சில நிமிடங்களால் என்ன பயன்?

“மூணு நிமிஷத்துக்கு இவ்வளவு பாடா?” என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நம் ஊர் வரலாற்றிலிருந்தே ஒரு விடை சொன்னேன். பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி, வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். அவர் வருவதற்குள் போரில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1761-ஆம் ஆண்டுக் காட்சி அவர் கப்பலில் இருந்தபோது நடந்து முடிந்தது. ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியாது. அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்துக் கருவிகளோடு தயாராக இருந்தார். 1769 ஜூன் மாதத்து அந்தக் காலையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. சில மணி நேரக் காட்சிக்காக அத்தனை ஆண்டுகள்! அதே காட்சியை உலகின் வேறு இடங்களில் பார்த்தவர்களின் அளவீடுகளிலிருந்துதான் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு அன்று துல்லியமாயிற்று. அறிவியலில் நேரம் குறைவாக இருப்பது குறையாகாது. அந்த நேரத்தில் என்ன அளக்கிறோம் என்பதே பார்க்க வேண்டியது.

சிரிஷா அந்தச் சில நிமிடங்களில் புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆய்வு செய்தார். செடிகள் அடங்கிய சிறு குழாய்களைப் பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் இயக்கி, எடையின்மைக்குள் நுழையும்போது செடியில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்று பதிவு செய்ய உதவினார்.

இந்திய விண்வெளித் திட்டமும் இப்படிப்பட்ட குறுகிய பயணத்தில்தான் தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. மேல் வளிமண்டலத்தை ஆராய்ந்துவிட்டு விழுந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் 89.5 கி.மீ. சென்று, இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட் ஆயிற்று. 2024 மே 30 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஞ்சினுடன் தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. இவையும் ஆளில்லாத சப்-ஆர்பிட்டல் பயணங்களே. ககன்யான் திட்டத்தில் 2023 அக்டோபர் 21 அன்று நடந்த சோதனையோ ஏறத்தாழ 17 கி.மீ. உயரம்தான் சென்றது. ஆபத்து நேர்ந்தால் வீரர்கள் இருக்கும் பகுதியைப் பிரித்துக் கடலில் பத்திரமாக இறக்க முடியுமா என்று ஆளில்லாமல் சோதித்தார்கள். மொஹாவி விபத்தைக் கேட்ட மாணவர்களுக்கு அந்தச் சோதனை ஏன் முதலில் வந்தது என்று விளக்கத் தேவையிருக்காது.

கண்ணாடி போட்ட மாணவியின் கேள்வி

பணத்தைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். 2021 ஆகஸ்டில் வர்ஜின் கேலக்டிக் அறிவித்த பயணச்சீட்டு விலை 4,50,000 டாலர், அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்க்கும் மேல். ஒருவரின் சில நிமிட மகிழ்ச்சிக்கு இது தகுமா, எரிபொருள் புகை மேல் வளிமண்டலத்தை என்ன செய்யும் என்பவை எட்டாம் வகுப்பு முதல் விவாதிக்கத் தக்க தலைப்புகள். ‘பணம் கொடுத்துப் போனவர் விண்வெளி வீரரா?’ என்பதும் நல்ல விவாதத் தலைப்பு. பெசோஸ் பறந்த அதே 2021 ஜூலை 20 அன்றுதான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், உயரத்தைத் தாண்டினால் மட்டும் போதாது, பயணத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக்கோ மனித விண்பயணப் பாதுகாப்புக்கோ பயன்படும் பணி ஒன்றைச் செய்திருக்க வேண்டும் என்று தன் சிறகுச் சின்னத்துக்கு விதி வகுத்தது.

ஒருமுறை பாடம் முடிந்த பிறகு, தடித்த கண்ணாடி போட்ட மாணவி ஒருவர் மேசை அருகே வந்து தயங்கி நின்றார். “டீச்சர், கண்ணு சரியில்லாதவங்க போக முடியாதுல்ல?” என்று கேட்டார். பார்வைக் குறைபாட்டால் விமானியாகி, அதன் வழியே நாசா விண்வெளி வீரராகும் பாதை தனக்கு அடைபட்டது என்று சிரிஷா பண்ட்லாவே சொல்லியிருக்கிறார். அவர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்து, அதே துறையில் வேலை செய்து, வேறு கதவு வழியாக அந்த விமானத்தில் ஏறினார். இதை அந்த மாணவியிடம் சொன்னேன். கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையாக இருக்காது. எந்த வேலைக்கு எந்தத் தகுதி கேட்கிறார்கள், எஞ்சின் வடிவமைப்பவருக்கு, செடி ஆய்வு செய்பவருக்கு, பாதுகாப்பு விதி எழுதுபவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். பட்டியலில் பெரும்பாலான வேலைகளுக்குக் கண்ணாடி தடையில்லை. அந்தத் தாளை அவர் மடித்து எடுத்துச் சென்றார்.

யூனிட்டி 2024 ஜூன் 8 அன்று தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன், மே 19 அன்று, ஆந்திராவைச் சேர்ந்த கோபி தோட்டகுரா நியூ ஷெப்பர்டில் பறந்து திரும்பினார். இனியும் இப்படிச் செய்திகள் வரும். அடுத்த முறை வரும்போது மாணவர்கள் நான்கு கேள்விகளைத் தாங்களே கேட்கும்படி பழக்கிவிட்டால் போதும்: எவ்வளவு உயரம்? எவ்வளவு வேகம்? சுற்றியதா, விழுந்ததா? போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? கரும்பலகையின் ஓரத்தில் இந்த நான்கையும் எழுதி வையுங்கள். லாஸ்பேட்டை அறிவியல் மையத்துக்கும் கோளரங்கத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளிலும் இதே கேள்விகள் உதவும். பாட்டில் சோதனைக்கு மட்டும் ஒரு துணியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எறிதலிலேயே முன்வரிசை முழுவதும் நனைந்துவிடும்.